கால் வினாடி

எல்மர் விஸ்னர் பொய் சொன்னாரா, இல்லையா? ஹவர்ட் ஸ்ட்ரோபெலுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். அதுவும் மாலை ஆறு மணிக்குள்.

டோலோரஸ் பியான்டெக் தன் இடது காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பனிக்காலணியின் தையல் விட்டு உள்ளே ஈரம் புகுந்திருந்தது. இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளையும் எரியாத வீடுகளையும் விசாரித்துவிட்டு, ஐம்பத்தேழு வயதில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். பஃபலோ நகரத்தின் குளிர்காலத்திடம் இப்போது அவள் கேட்பதெல்லாம் உலர்ந்த காலுறை மட்டும்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரோபெலும் ஓய்ந்துபோய்த்தான் இருந்தார். ஹார்பர்மென் பேஸ்பால் அணியின் பொது மேலாளர் அவர். டிசம்பர் இருபது. அடுத்த வருடத்துக்கு யார் யாரை வைத்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொரு அணியும் லீக் அலுவலகத்துக்கு இன்று பட்டியல் அனுப்பியாக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவன் சுதந்திர ஆட்டக்காரன். முப்பத்திரண்டு வயதில், முழங்காலில் தையலோடு கிடைக்கும் சுதந்திரத்துக்கு ஊரில் வேறு பெயர் உண்டு. ஸ்ட்ரோபெல் அதைச் சொல்லவில்லை.

எல்லாப் பெயரும் முடிவாகி, ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. டெல்வின் பின்க்னி. ஐந்து வருடமாக இந்த அணியில் ஆடுகிறவன். ஜூன் மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. கால் ஆறிவிட்டது என்று காட்டுவதற்காக போர்ட்டோ ரிக்கோ போய், மயாகுவெஸில் நடக்கும் குளிர்கால லீக்கில் ஆடிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்த்து எழுத அணி அனுப்பிய ஸ்கவுட் எல்மர் விஸ்னர். முப்பத்தொரு வருடமாக இந்த அணிக்காக ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களை எடைபோடுகிறவர்.

எல்மரின் அறிக்கை ஒரு எண்ணில் அடங்கியது. பந்தை அடித்த நொடியிலிருந்து ஓடிப்போய் முதல் பேஸ் என்ற எல்லைத் திண்டை மிதிக்கும் நொடி வரை பின்க்னிக்கு நான்கு புள்ளி முப்பத்தைந்து வினாடி. அடிபடுவதற்கு முன் அது நான்கு புள்ளி பத்து. கால் வினாடி கூடிவிட்டது. முதல் பேஸில் கால் வினாடி என்பது இரண்டு எட்டு. பந்துக்கு இரண்டு எட்டு பின்னால் வருகிறவன் அவுட்.

நேற்று பின்க்னியின் ஏஜென்ட் தொலைபேசியில் கத்தினானாம். மயாகுவெஸ் மைதானத்தில் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் ஸ்கவுட்டுகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. அன்று அந்த வரிசையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரில் ஒருவரும் எல்மரைப் பார்க்கவில்லை. கிழவர் ஹோட்டலில் படுத்துக்கொண்டு எண்களைக் கற்பனை செய்து எழுதியிருக்கிறார் என்றான் ஏஜென்ட். எல்மரைக் கேட்டால், "நான் எழுதினது எழுதினதுதான்" என்பதற்கு மேல் பேச்சில்லை.

"பொய்னா அவரை இன்னிக்கே அனுப்பிடுவேன்," என்றார் ஸ்ட்ரோபெல். "இந்தத் தொழில்ல எந்த ஊர்லயும் அப்புறம் அவரைச் சேர்க்க மாட்டாங்க. உண்மைன்னா பின்க்னியை அனுப்பணும். எனக்கு ரெண்டுமே பிடிக்கல."

"எங்களுக்கும்தான்," என்றான் ரஸ் மெக்கார்வி. "ஆனா எங்களுக்குச் சம்பளம் அதுக்குத்தானே."

ரஸ் அவளுடைய உதவியாளன். சின்ன லீக்குகளில் பதினோரு வருடம் பஸ்ஸில் அலைந்த கேட்சர், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன். இரண்டு முழங்காலும் போனபிறகு வாய் மட்டும் மிஞ்சியது.

கோப்பு அறைக்கு நடக்கும்போது, எல்மரைத் தனக்குத் தெரியும் என்று ரஸ் சொன்னான். இருபது வருடத்துக்கு முன் அவனைப் பார்த்து எழுதி வீட்டுக்கு அனுப்பியவரே அவர்தான். அந்த அறிக்கையை அவன் எப்படியோ படித்துவிட்டான். நல்ல கை, நல்ல வாய், இவன் ஓட்டத்தை அளக்க ஸ்டாப்வாட்ச் தேவையில்லை, காலண்டர் போதும் என்று எழுதியிருந்ததாம்.

"கோபமா?" என்று கேட்டாள் டோலோரஸ்.

"உண்மைக்கு எப்படிக் கோபப்படறது பாஸ்? அதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு பார்த்தேன். என் பொண்டாட்டி விடல."

கோப்பு அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டோலோரஸ் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து மயாகுவெஸ் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையை எடுத்தாள். கட்டம் கட்டமாகப் பென்சிலில் எழுதிய அட்டை. ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் ஒரு கட்டம். அடித்தானா, எங்கே அடித்தான், எப்படி அவுட்டானான், ஓடினால் எத்தனை வினாடி என்று எல்லாம் அதற்குள். ஓரத்தில் மைதானத்துக்காரர்கள் கொடுத்த அச்சுத்தாளும் குத்தியிருந்தது. அதிலும் அதே ஆட்டம், பந்துக்குப் பந்து.

ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இந்த அச்சுத்தாளை வைத்தே முழு அட்டையையும் நிரப்பிவிட முடியுமா என்று அவள் கேட்டாள். தாராளமாக முடியும், பியர் குடித்துக்கொண்டே முடியும் என்றான் ரஸ்.

அவள் இரண்டையும் வரிசையாக ஒப்பிட்டாள். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு கட்டத்தில் நின்றாள். அச்சுத்தாளில் வலது மூலைக்குப் போன பந்து, ஒருவர் பிடித்தார், அவுட் என்று இருந்தது. எல்மரின் கட்டத்தில் எழுத்தே இல்லை. சின்னதாக ஒரு கண் வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தது.

"இது என்ன?"

ரஸ் எட்டிப் பார்த்தான். ஸ்கோர் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு சொந்த அடையாளம் உண்டு என்றான். 'நான் பார்க்கவில்லை' என்று அர்த்தம். குனிந்து பென்சில் எடுக்கும்போது ஆட்டம் நடந்துவிடும். பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு எழுதிவிடலாம். நேர்மையானவன் மட்டும் இப்படிக் கோடு போட்டு விடுவான்.

டோலோரஸ் அட்டையைக் கீழே வைத்தாள். "பதில் கையில அச்சடிச்சு இருக்கு. ஆனாலும் பார்க்கலன்னு எழுதியிருக்கார்."

"ஆமா."

"பொய் சொல்றவன் பார்க்காததைப் பார்த்த மாதிரிதான் எழுதுவான், ரஸ். பார்க்கலன்னு எழுத மாட்டான். காப்பி அடிக்கறவன் எந்தக் கட்டத்தையும் காலியா விட மாட்டான்."

அவர் அங்கே இருந்திருக்கிறார். அவள் அங்கிருந்தே ஸ்ட்ரோபெலுக்கு ஃபோன் செய்து சொன்னாள். அவர் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் எண் உண்மை, பின்க்னியின் பெயரை எடுத்துவிடுகிறேன், தாளை ஆறு மணிக்கு ஃபேக்ஸில் போடுவேன் என்றார். மணி மூன்று நாற்பது.

ரஸ் தொப்பியை மாட்டிக்கொண்டான். மாட்டிறைச்சி சாண்ட்விச் எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்று பேச ஆரம்பித்தான். டோலோரஸ் எழுந்திருக்கவில்லை. ஒரு பதில் இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் அவளுக்கு உடம்பு அலுத்துப்போகும். இன்னொரு முறை தேட வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

"இந்த அட்டையில கோடு போட்ட கண்ணு எத்தனைன்னு எண்ணு," என்றாள்.

பதினொன்று இருந்தது. போன வருட அட்டை ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்து எண்ணச் சொன்னாள். அதில் ஒன்றே ஒன்று.

"பதினோரு தடவை பென்சில் கீழ விழுந்திருக்கும்," என்றான் ரஸ். ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

பின்க்னியை விடு, அன்றைக்கு அங்கே ஓடிய மற்றவர்களைப் பார் என்றாள் அவள். அந்த லீக்கில் ஆடுகிற பாதிப் பேருக்கு இதே அறையில் கோப்பு இருக்கிறது. வேறு ஸ்கவுட்டுகள் இதே இலையுதிர் காலத்தில் எடுத்த நேரங்கள். ரஸ் ஒவ்வொன்றாக வாசித்தான், அவள் ஒரு உறையின் பின்பக்கம் எழுதினாள். முதலாமவன், நான்கு புள்ளி பூஜ்யம் ஓடுகிறவன், எல்மரின் அட்டையில் நான்கு புள்ளி இருபத்தைந்து. நான்கு புள்ளி முப்பது ஓடுகிறவன் நான்கு புள்ளி ஐம்பத்தைந்து. மலை மாதிரி ஒரு கேட்சர், நான்கு புள்ளி எழுபது, அன்றைக்கு நான்கு புள்ளி தொண்ணூற்றைந்து.

"அன்னிக்கு மயாகுவெஸ்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல வயசாயிருக்கு," என்றான் ரஸ்.

பின்க்னியின் கால் மெதுவாகவில்லை. அளந்த விதத்தில்தான் தாமதம். எல்லோருக்கும் ஒரே அளவு தாமதம்.

வாட்ச் பழுதாக இருக்கும் என்றான் ரஸ். அவள் தலையை அசைத்தாள். வாட்ச் வேகமாக ஓடினால் நீண்ட நேரத்தில் பிழையும் நீளும். மலை மாதிரி கேட்சருக்குப் பிழை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அப்படியானால் கிழவரின் கட்டைவிரல் மந்தமாகியிருக்கும் என்றான். அதுவும் இல்லை. மந்தமான விரல் அழுத்தத் தொடங்கும்போதும் தாமதிக்கும், நிறுத்தும்போதும் அதே அளவு தாமதிக்கும். ஒன்றை ஒன்று கழித்துவிடும்.

"அந்த அட்டையில கேட்சர்கள் எறிஞ்ச நேரம் இருக்குமே, அதைப் பாரு."

ரஸ் பார்த்தான். பந்து கேட்சர் கையுறையில் விழுந்ததிலிருந்து, அவன் எறிந்து அது இரண்டாவது பேஸில் இருப்பவன் கையுறையில் விழும் வரை உள்ள நேரம். நான்கு எறிதல் குறித்திருந்தார் எல்மர். நான்கும் கோப்பில் உள்ளதோடு அச்சாகப் பொருந்தின.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இதெல்லாம் சரியா இருக்கே."

"கார்ல போய்ப் பேசலாம்," என்றாள்.

எல்மரின் வீடு பஃபலோவை ஒட்டிய சீக்டவாகாவில். பனி விழுந்துகொண்டே இருந்ததால் ரஸ் மெதுவாக ஓட்டினான். டோலோரஸ் ஹீட்டர் காற்றில் இடது காலை நீட்டி வைத்திருந்தாள்.

"நீ கேட்சர். எறிதலை அளக்கறவன் எப்ப வாட்சை அழுத்துவான்?"

"பந்து என் கையுறையில படார்னு விழும். அப்ப."

"எப்ப நிறுத்துவான்?"

"அந்தப் பக்கம் படார்னு கேக்கும்போது. ரெண்டு சத்தத்துக்கு நடுவுல. கண்ணை மூடிக்கிட்டே அளக்கலாம்."

"ஓட்டத்தை அளக்கும்போது?"

"மட்டையில பந்து படற சத்தத்துல தொடங்குவான். கால் பேஸை மிதிக்கறதைப் பார்த்து..." ரஸ் பேச்சை நிறுத்தினான். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கையே பார்த்தபடி ஓட்டினான். அது திரும்பிப் போனதும், "பாவம் மனுஷன்," என்றான்.

விஸ்னர் வீட்டு வாசலில் பழைய ப்யூக் கார் நின்றது. ரஸ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுனர் இருக்கையைக் காட்டினான். ஸ்டீயரிங்கை ஒட்டி முன்னால் இழுத்திருந்தது. எல்மர் ஆறடி இரண்டு அங்குலம்.

கதவைத் திறந்த அவர் மனைவி ஜெனிவீவ் ஐந்தடிதான் இருப்பாள். விசாரிக்க வந்தவர்கள் என்றதும் அவள் முகத்தில் பயம் வரவில்லை. ஒரு பாரத்தை இறக்கி வைக்க இடம் கிடைத்தவள் போல வழிவிட்டாள்.

எல்மர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரேடியோ. டோலோரஸ் பெயரைச் சொன்னாள். ரஸ், "வணக்கம் சார்," என்றான்.

"மெக்கார்வி," என்றார் எல்மர், அவன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி. "குரல் மாறல. ஓட்டம் மாறிச்சா?"

"இல்ல சார். இன்னும் காலண்டர்தான்."

எல்மர் சிரித்தார். நல்ல சிரிப்பு. டோலோரஸுக்கு அப்போதே எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

அவர் மைதானத்தில்தான் இருந்தார் என்று ஸ்ட்ரோபெலிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அப்படியென்றால் உங்கள் வேலை முடிந்ததே, இந்தப் பனியில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அவள் உறையை எடுத்து எண்களை வாசித்தாள். ஓடியவர்களின் எண்களை முதலில். எறிந்தவர்களின் எண்களை அப்புறம். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் வாட்ச் பிடித்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஜெனிவீவ் ரேடியோவை அணைத்தாள்.

"ஏப்ரல்லேருந்து," என்றார் எல்மர். "நடுவுல ஒரு புகை. ஓரமெல்லாம் தெரியுது. எதைப் பார்க்கணும்னு நினைக்கறேனோ அது மட்டும் தெரியல."

மற்ற ஸ்கவுட்டுகளோடு உட்காராததும் அதனால்தான். அந்த வரிசையில் எல்லோரும் பக்கத்து ஆளின் வாட்சை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அதனால் முதல் பேஸ் பக்கம், வேலியை ஒட்டி, தனியாக உட்கார்ந்தாராம். அங்கிருந்தும் கால் தெரியவில்லை. அம்பயர் கை தூக்குவது தெரிந்தது. அதைப் பார்த்து நிறுத்தினார்.

"அம்பயர் பார்த்து, முடிவு பண்ணி, கை தூக்கறதுக்குக் கால் செகண்டாவது ஆகுமே," என்றான் ரஸ், மெதுவாக.

"ஆகும். யாராவது கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஆனா என் கட்டைவிரலை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல, மெக்கார்வி. அது பழகாத வேலை."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து. டோலோரஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் விஸ்னர், பின்க்னி எப்படி ஓடினான்?"

"நாலு புள்ளி..."

"அது வாட்ச் சொன்னது. நான் உங்களைக் கேக்கறேன்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மேசை விளிம்பில் இரண்டு விரல்களால் தட்டினார். ஒரு தட்டு அழுத்தமாக, அடுத்தது லேசாக. "ஆபரேஷனுக்கு முன்னாடி, மே மாசம் இப்படி ஓடினான். இடது காலை ஊன்றப் பயம். சத்தத்துலயே நொண்டல் கேக்கும்." பிறகு வேறு மாதிரி தட்டினார், இரண்டும் ஒரே கனமாக, வேகமாக. "மயாகுவெஸ்ல இப்படி. வேலிக்கிட்ட உட்கார்ந்திருந்தேன் இல்லையா, மண்ணுல ஒவ்வொரு அடியும் கேட்டுது. ரெண்டு காலும் ஒண்ணு. முழங்கால் ஆறிடுச்சு. சந்தேகமே இல்ல."

"அதை ஏன் எழுதல?"

"ஃபாரத்துல காதுக்குக் கட்டம் இல்லையே, அம்மா."

ரஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டோலோரஸ் உறையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். பேசும்போது குரலை உயர்த்தவில்லை. அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அவர் அங்கே இருந்தாரா என்பது மட்டும்தான். அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. அவர் சும்மா இருந்தால் அவர் பெயருக்கு ஒரு கீறலும் விழாது. ஆறு மணிக்கு பின்க்னி போய்விடுவான். அந்த எண்ணை இனி யாரும் சரிபார்க்கப் போவதில்லை. இதையெல்லாம் அப்படியே சொன்னாள்.

"நீங்க சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார் எல்மர்.

"அஞ்சே முக்கால் வரைக்கும் மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லிடுவேன். ஆனா நான் சொன்னா அது உங்களைப் பத்தின துப்பு. நீங்க சொன்னா அது இன்னொரு ரிப்போர்ட்."

எல்மர் கையிரண்டையும் மேசைமேல் வைத்து அவற்றைப் பார்ப்பதுபோலக் குனிந்திருந்தார். ஒரு சின்னப் பையன் ஓடுவதைப் பார்த்து இவன் வருவான், இவன் வரமாட்டான் என்று எழுதிய கை. எத்தனை வீட்டில் விளக்கேற்றியதோ, எத்தனை வீட்டில் அணைத்ததோ. தன் வீட்டுக்கு எழுத வேண்டிய நாள் வரும் என்று அது நினைத்திருக்காது.

"ஜென்," என்றார். "ஹவர்டுக்கு நம்பர் போடு."

ஜெனிவீவ் எண்களைச் சுழற்றி ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். சுற்றி வளைக்கவில்லை. என் எண்ணெல்லாம் கால் வினாடி கூட, எல்லாவற்றிலும் கழித்துக்கொள் என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "ஏன்னா எனக்குக் கால் தெரியல, ஹவர்ட்," என்றார். பிறகு முழங்காலைப் பற்றிச் சொன்னார், கேட்டதைக் கேட்டபடி. அந்தப் பக்கம் நெடுநேரம் பேசியது. இவர் இரண்டு முறை சரி என்றார். ஒரு முறை நன்றி என்றார். வைத்துவிட்டார்.

"பின்க்னி பேரைச் சேர்த்துட்டான்," என்றார்.

"உங்களைப் பத்தி?" என்று ஜெனிவீவ் கேட்டாள்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வரச் சொன்னான். வரும்போது வாட்சையும் கொண்டு வரணுமாம்."

ஆட்டக்காரனை அனுப்பும் அன்று, மேனேஜர் உன்னைக் கூப்பிடுகிறார் என்பார்கள். ஸ்கவுட்டை அனுப்பும்போது வாட்சைக் கேட்பார்கள். அங்கிருந்த நால்வருக்கும் அது தெரியும். டோலோரஸ் கையுறைகளை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஆறுதலாகச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் வாங்கிக்கொள்ளும் ஆள் இல்லை. ரஸ் அவர் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

அவர்கள் கதவை எட்டும்போது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஜென், அந்த வாட்ச் டீமோடதா?"

"இல்லையே. டீம் குடுத்தது முதல் மழையிலேயே நின்னுபோச்சு. இது க்ளீவ்லாண்ட்ல நீங்க வாங்கினது."

"அப்போ அதை எப்படிக் கேக்கறான்?"

"அவருக்கு எப்படித் தெரியும் எல்மர்?"

எல்மர் மேசையை ஒரு முறை தட்டினார். அவர் குரலில் அன்று முதல் முறையாகக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருடத்தையும் அமைதியாகக் கொடுத்துவிட்டவருக்கு இதைக் கொடுக்க மனம் வரவில்லை.

"மறுபடியும் நம்பர் போடு," என்றார்.

டோலோரஸ் வாசற்படியில் நின்று, தொலைபேசி வட்டு சுழலும் சத்தம் ஏழு முறை கேட்கும் வரை காத்திருந்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.